கண்ணாடித் தொட்டியில் பிறந்த மீசைக்காரன்

சூடான தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் தூசி கருகும் வாசனையும், எங்கள் விரல்களில் ஒட்டியிருந்த ஈரக் கரிமாவின் வாசனையும் கலந்தால் அதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. ஊதுவத்தி உருட்டுகிற வீடு மணக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. மணக்காது. கரித்தூளையும் ஒட்டுப்பொடியையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூங்கில் குச்சியில் உருட்டிக் காயவைத்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. வாசனை ஏற்றுவது கம்பெனியில். மைசூர் ஊதுவத்தி என்று ஊரெல்லாம் முகர்ந்தது. நாங்கள் முகர்ந்தது கரி.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ராஜு மாமாவின் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை. மாமா அம்மாவின் தம்பி. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் அப்பா, அம்மா, வனிதா, நான். வனிதாவும் நானும் இரட்டை. அவள் முதலில் பிறந்தாள். என் பெயர் புனிதா. அம்மாவைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது. அப்பாவே குரலைக் கேட்டுத்தான் பெயர் சொல்வார்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். கேபிள் வயர் சந்துக்குச் சந்து துணிக்கொடி மாதிரி தொங்கியது. ஞாயிறு மாலை தமிழ்ச் சேனல் ஒன்றில் ஒரு தொடர் வரும். மாமா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரிப்பேருக்கு வந்த பெட்டிகளிலேயே பெரியதை முன்னால் வைப்பார். சந்து முழுக்க வந்து உட்காரும். தமிழ் தெரியாத எதிர்வீட்டு கௌரம்மாகூட வருவாள். அந்தத் தொடரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதற்கு அந்த மரியாதை வேண்டாம்.

கதை இதுதான். ஒரு பணக்காரர், முறுக்கு மீசை. அவருக்குச் சம்பளத்துக்கு ஒரு விஞ்ஞானி, வெள்ளைக் கோட்டு, சீவாத தலை. விஞ்ஞானி பணக்காரரின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தொட்டியில் விடுவார். பச்சைத் தண்ணீர், ஊதா விளக்கு, புகை. அதோடு விளம்பரம் போடுவார்கள். சோப்பும் ஊறுகாயும் முடிந்து திரும்பி வந்தால் தொட்டியிலிருந்து இன்னொரு பணக்காரர் எழுந்து வருவார். அதே வயது. அதே மீசை, முனைகூட முறுக்கியபடி. முதல் ஆளை இளவயதில் எவனோ வெட்டிய தழும்பு நெற்றியில் இருந்தது. இரண்டாவது ஆளுக்கும் இருந்தது. அரிவாள் வெட்டும் ரத்தத்திலா ஊறிக் கிடக்கும்? யாரும் கேட்கவில்லை. எழுந்து வந்தவர் தலைகூடத் துவட்டாமல், “என் பீரோ சாவி எங்கே?” என்றார்.

சந்து கை தட்டியது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வெளிநாட்டில் ஓர் ஆட்டை நகலெடுத்த செய்தி பேப்பரில் வந்திருந்தது. தொடர் எடுத்தவர்கள் தலைப்போடு பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள் போல. அந்த ஆடு தொட்டியில் எழுந்து நிற்கவில்லை. இன்னோர் ஆட்டின் வயிற்றில் வளர்ந்து குட்டியாகத்தான் பிறந்தது. நகலுக்கு மூலமான ஆட்டின் ஞாபகத்தோடு பிறந்ததாக யாரும் சொல்லவில்லை. மனிதன் என்றால் மட்டும் வயிறு வேண்டாமா? ஒரு பெண் சுமக்க வேண்டும், பெற வேண்டும், பிறகு பீத்துணி அலச வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கதை எழுதின ஆண்களின் விஞ்ஞானத்தில் இல்லை. தொட்டி போதும் அவர்களுக்கு.

இதையெல்லாம் அன்றைக்கே யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நானும் கை தட்டினேன்.

மாமா தட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், எல்லாம் தெரிந்தவர் மாதிரி. மாமா பி.யூ.சி. தோற்றவர். தோற்றது இங்கிலீஷில், சயின்ஸில் இல்லை என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார்.

“பாத்தியாக்கா? உனக்குத் தொட்டிச் செலவுகூட இல்லாம ரெண்டு வந்துருச்சு. ஒண்ணு ஒரிஜினல், ஒண்ணு காப்பி.”

“வாயக் கழுவுடா,” என்றாள் அம்மா. “ரெண்டும் வலி எடுத்துத்தான் வந்துச்சு.”

சந்து சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்தது. மறுநாளிலிருந்து எனக்குப் பெயர் ‘ஜெராக்ஸ்’. பின்னால் பிறந்தவள் அல்லவா. “ஏ ஜெராக்ஸ், ஒரிஜினல் எல்லிதே?” என்று பையன்கள் கூப்பிடுவார்கள். ஒரிஜினல் எங்கே என்று கேட்கிறார்கள். கௌரம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, எங்கேயாவது மச்சம் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். கடையில் பழைய செட்டை வாங்குகிறவன் பார்க்கிற பார்வை அது.

எங்களுக்கு ஊர் ஹனூர்ப் பக்கம். மைசூருக்கு வருமுன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தோம். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது. அதன் பிறகு அவர் சுவரோரம் பாயில்தான். மாமாதான் எங்களை மண்டி மொஹல்லாவுக்குக் கூட்டிவந்தார். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. அறை கொடுத்தார். ஊதுவத்தி உருட்டப் பலகை கொடுத்தார். கூடவே விஞ்ஞானமும் கொடுத்தார்.

அம்மா ஒருத்தி உருட்டி நாலு வயிறு நிறையவில்லை. இன்னும் இரண்டு கை வேண்டும். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரம். ஒருத்தி பள்ளிக்கூடம், ஒருத்தி பலகை. எது யாருக்கு? எங்கள் வீட்டில் இருந்த கேள்வி அது ஒன்றுதான். எனக்கும் வனிதாவுக்கும் அதைவிடப் பெரிய கேள்வி அதற்குப் பிறகும் வரவில்லை.

அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு சொன்னாள். “என்ற கையால ஒண்ணக் கை காட்டச் சொல்லாதீங்க. எனக்கு ஆகாது.”

மாமா சிரித்தார். “எதுக்குக்கா கை காட்டணும்? ரெண்டும் ஒரே ரத்தம், ஒரே மூளை. ஒரு பேருல சேத்துப் போடு. ஒரு நா இவ போகட்டும், ஒரு நா அவ போகட்டும். இவ படிச்சது அவளுக்கு ஏறும், அவ படிச்சது இவளுக்கு ஏறும். அந்தத் தொட்டிக்காரன் என்ன பள்ளிக்கூடத்துக்கா போனான்? எழுந்த ஒடனே சாவியக் கேக்கலயா?”

“கதைதானேடா அது,” என்றாள் அம்மா.

“விஞ்ஞானிங்களக் கேட்டுத்தான் எடுக்கறாங்க.”

அப்பா பாயிலிருந்து சொன்னார். “டி.வி.ல சும்மா போட மாட்டாங்க புள்ள.”

ஒரு வீட்டின் இரண்டு பெண்களுடைய படிப்பு இப்படித் தீர்மானமானது. ஊறுகாய் விளம்பரத்துக்கு இரண்டு பக்கமும் ஓடின ஒரு பொய்யை வைத்து. அம்மா நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. கை காட்ட வேண்டாம் என்றதும் அவள் முகம் இளகியது தெரியும்.

பெரியவள் என்பதால் வனிதா பெயரில் சேர்த்தார்கள். ஒரு நாள் அவள் வனிதா. மறுநாள் நான் வனிதா. ஒரு பை, ஒரு சட்டை, ஒரு பாவாடை. மாலையில் அவள் கழற்றினதைத் துவைத்து, காலையில் ஈரத்தோடு நான் போடுவேன். சந்துப் பையன்களுக்குத் தெரியும். அவர்கள் டீச்சரிடம் சொல்லவில்லை. எங்கள் மேல் இருந்த பிரியத்தால் இல்லை. செலவில்லாத இன்னொரு சீரியல் அவர்களுக்கு.

பள்ளிக்கூடம் கன்னடத்தில். முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, எதுவும் ஏறவில்லை என்று. சுனந்தா மிஸ் “நேற்றுச் சொன்ன கணக்கு” என்பார். நேற்று நான் கரி பிசைந்துகொண்டிருந்தேன். வனிதாவுக்கும் அதேதான். அவளிடம் “நேற்றுப் படித்த பாட்டு” என்பார்கள். ஆனால் நாங்கள் இருவரும் மற்றவளைத்தான் சந்தேகப்பட்டோம். அவள் சரியாகப் படிக்கவில்லை, அதனால்தான் எனக்கு வரவில்லை என்று நான் நினைத்தேன். அவளும் அப்படியே. பாடத்தைச் சொல்லிக்கொடு என்று கேட்கத் தோன்றவில்லை. தானாக வரவேண்டியதை யார் கேட்பார்கள்?

தொடரில் ஒரு வாரம் விஞ்ஞானி இரண்டு பணக்காரர்களின் தலையையும் கம்பியால் இணைத்தார். புது ஞாபகங்களை மாற்றுகிறாராம். மறுநாள் மாலை வனிதா மாமாவின் கடையிலிருந்து செம்புக் கம்பி ஒரு சுருள் எடுத்துவந்தாள். துவைக்கிற கல்லில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கம்பியை அவள் தலையில் சுற்றி, என் தலையில் சுற்றி, நெற்றியோடு நெற்றி முட்டவைத்தாள். அன்றைக்கு அவள் பதினாறாம் வாய்ப்பாடு படித்திருந்தாள். ‘மக்கி’ என்பார்கள் அங்கே.

“வருதா?”

“இல்ல.”

“கண்ண மூடு. இப்ப?”

“கம்பி குத்துது.”

“நீ சரியாப் புடிக்க மாட்டேங்கற. ஏரியல் மாதிரி கொஞ்சம் திரும்பு.”

திரும்பினேன். வரவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பெரிதாக அழுகிறவள் இல்லை. மாமா பின்பக்கம் வந்து எங்களைப் பார்த்தார். விஞ்ஞானம் நடக்கிறதே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? “அறிவிருக்கா கழுதைங்களா? செம்பு என்ன வெலை தெரியுமா?” என்று கம்பியைப் பிடுங்கினார்.

“மாமா, வனி படிச்சது எனக்கு வரல,” என்றேன்.

அவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “ரத்தத்துல மெதுவாத்தான் ஏறும். பொறு.”

பொறுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்தேன். எங்களைவிடப் பொருத்தமான நகல் இந்த உலகத்தில் கிடைக்காது. ஒரே கருவில் பிரிந்தவர்கள். ஒரே வயிறு, ஒரே பால், ஒரே பாய். எங்களுக்குள்ளேயே ஒரு வாய்ப்பாடு தாண்டி வரவில்லை. ரத்தச் சொட்டில் பீரோ சாவி வந்ததாம்.

வரவில்லை என்பது மட்டும் இல்லை. நாங்கள் வேறு வேறாக ஆனோம். அவளுக்குக் கணக்கு பிடித்தது. எனக்கு வாசிக்கப் பிடித்தது. அவள் நாளில் அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள், என் நாளில் நான் ஜன்னல் பக்கம். அவளுடைய சிநேகிதி என் நாளில் வந்து கையைப் பிடித்தால் எனக்கு என்ன பேசுவது என்று தெரியாது. சுனந்தா மிஸ்ஸுக்குக் குழம்பியது. ஒரு நாள் கரும்பலகையில் கணக்கை மடமடவென்று போடுகிற பெண் மறுநாள் அதே கணக்குக்கு முழிக்கிறாள். நேற்றுத் திக்கித் திக்கி வாசித்தவள் இன்று பக்கத்தைக் கடகடவென்று முடிக்கிறாள். நகத்தில் எப்போதும் கறுப்பு. பெண்ணுக்கு ஏதோ வியாதி, அல்லது வீட்டில் அடிக்கிறார்கள் என்று மிஸ் முடிவு செய்தார்.

ஏழாம் வகுப்பில் இருந்தோம். அதற்கு அப்போது பொதுத் தேர்வு. ஒரு மதியம், வனிதா பள்ளிக்கூடத்து மரத்தடியில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருக்கும்போது, மிஸ் அவளிடம் சொல்லாமல் விலாசம் விசாரித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நான் பலகை முன்னால் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

மிஸ் வாசலில் நின்றார்.

“நீனு யாவாக பந்தே?” என்றார். நீ எப்போது வந்தாய் என்று. கேட்டுவிட்டு, தான் வந்த வழியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், நான் முந்திக்கொண்டு ஓடிவந்திருப்பேனோ என்று.

அம்மா எழுந்து நின்றாள். கை மணிக்கட்டு வரை கரி. சேலையில் துடைத்தால் சேலை போகும், அதனால் அப்படியே நின்றாள். அம்மா தனக்குத் தெரிந்த கன்னடத்தில் பாதியையும், மாமா கடையிலிருந்து ஓடிவந்து மீதியையும் சொன்னார்கள். மாமா ரத்தத்தைப் பற்றிச் சொன்னார். மூளையைப் பற்றிச் சொன்னார். ஆட்டைப் பற்றியும் சொன்னார். மிஸ் முழுவதும் கேட்டார்.

“ஒந்து ஹொட்டெகெ அன்ன ஹாகித்ரே இன்னொந்து ஹொட்டெ தும்புத்தா?” என்றார்.

ஒரு வயிற்றுக்குச் சோறு போட்டால் இன்னொரு வயிறு நிறையுமா? மாமாவுக்கு இதற்குப் பதில் டி.வி.யில் வரவில்லை. சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

மிஸ் நல்லவர். மேலே யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் ஒரு பெயருக்கு ஒரு பெண்தான் தேர்வு எழுத முடியும். இன்னொருத்தியைப் புதிதாகச் சேர்க்கப் போனால், இத்தனை நாள் எங்கே இருந்தாள், என்ன படித்தாள் என்று கேட்பார்கள். கேட்டால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். பாதிப் பாதி படித்தால் இரண்டும் தோற்கும். நாளையிலிருந்து ஒருத்தியே வரட்டும், தினமும் வரட்டும், தேறவைப்பது என் பொறுப்பு என்றார். யார் என்பதை நீங்களே சொல்லுங்கள் என்று எழுந்துபோனார்.

அன்று மாலை வனிதா வந்ததும் அப்பா விஷயத்தைச் சொன்னார். மாமாதான் ஆரம்பித்தார். “ரெண்டும் ஒண்ணுதானேக்கா. யார் போனா என்ன?”

“அப்ப நீ சொல்லு,” என்றாள் அம்மா. “ரெண்டும் ஒண்ணுதானே. ஒண்ணத் தொட்டுச் சொல்லு பாக்கலாம்.”

மாமா எங்களைப் பார்த்தார். வனிதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை. விஞ்ஞானம் தெரிந்தவர், ஒரு விரல் நீட்டத் தைரியம் இல்லை. கடையில் ஆள் காத்திருக்கிறது என்று போய்விட்டார்.

மறுநாள் என் முறை. நான் குளித்து, ஈரச் சட்டையை உதறிக் கையில் வைத்திருந்தேன். அம்மா சீப்பும் எண்ணெயும் எடுத்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“வனி, வா,” என்றாள்.

வனிதா என்னைப் பார்த்தாள். நான் சட்டையை அவளிடம் நீட்டினேன். பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெயர் அவளுடையதாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் இதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்குச் சடை பின்னி முடிக்க அவளுக்கு வழக்கத்தைவிட நேரமானது. அது எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் வனிதா மாலையில் வந்து சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தால் வந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். பிறகு அவளுக்குப் பாடம் அதிகமானது, எனக்கு உருட்ட வேண்டிய ஊதுவத்திக் கட்டு அதிகமானது. நின்றுபோனது. தமிழ் எழுத்து நான் மாமா கடையில் கிடந்த வாரப் பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டிக் கற்றது. இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் அதனால்தான்.

தொடரும் அந்த வருடமே முடிந்தது. கடைசி ஞாயிறு, சந்தே கடையில் இருந்தது. நகல் கெட்டவனாகிவிட்டான். நகல் என்றால் கெட்டுப்போக வேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதல் பணக்காரர் அவனை அமிலத் தொட்டியில் தள்ளினார். அவன் கத்தினான். சந்து விசில் அடித்தது. “நல்லா வேணும்,” என்றாள் ஒருத்தி. முதல் பணக்காரர் மீசையை முறுக்கினார். இசை வந்தது.

“மாமா, அவனுக்கும் எல்லா ஞாபகமும் இருந்துச்சில்ல?” என்று கேட்டேன்.

“இருந்துச்சு.”

“அப்ப அவனும் அவர்தானே? அவன் செத்ததுக்கு ஏன் யாரும் அழல?”

“அது வெறும் காப்பிடி,” என்றார் மாமா, பெட்டியை அணைத்துக்கொண்டே.

ஞாபகம் வேண்டும்போது இரண்டும் ஒன்று. அழ வேண்டும் என்றால் ஒன்று காப்பி. இதுதான் அவர்கள் விஞ்ஞானம். அந்தப் பெட்டி முன்னால் பிறகு நான் உட்காரவில்லை.

இப்போது அந்தக் கடை இல்லை. மாமா இல்லை. கேபிள் வயர்களையும் இறக்கிவிட்டார்கள். ஊதுவத்தியை மிஷின் உருட்டுகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. முதுகு பிழைத்தது. இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் இருக்கிறேன். என் மகள் போனில் பார்க்கிற தொடர்களிலும் மனிதர்கள் முழு ஆளாகவே நகலாகிறார்கள். படம் தெளிவாகியிருக்கிறது. புத்தி அங்கேயேதான் இருக்கிறது.

வனிதா பி.எஸ்ஸி. வரை போனாள். பெங்களூரில் வாழைக் கன்றுகளைப் பாட்டிலில் வளர்க்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரு கிழங்கில் கிள்ளியெடுத்து ஆயிரக்கணக்கில் நகலெடுக்கிறார்கள். நிஜமான நகல். ஒருமுறை போனில் கேட்டேன், தாய் மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரமாகவே பாட்டிலிலிருந்து வருமா என்று. அவள் சிரித்தாள். “விரல் நீளம்தான் வரும் புனி. அப்பறம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாத் தண்ணி ஊத்தணும். ஊத்தாதது செத்துப்போகும்.”

போன வருடம் அவள் மைசூரிலேயே ஒரு வீடு கட்டிக் கிருகப்பிரவேசம் வைத்தாள். நான் முந்தின நாளே போய் வேலையெல்லாம் பார்த்தேன். பந்தியில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு போகும்போது, அவளுடன் வேலை பார்க்கிற ஓர் அம்மா என்னைக் காட்டி வனிதாவிடம் கேட்டாள்.

“இவரு நிம்ம அக்கனா?”

எனக்குப் பல் இரண்டு போயிருக்கிறது. தோள் முன்னால் வளைந்துவிட்டது. அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள், நிமிர்ந்து நிற்கிறாள். உங்கள் அக்காவா என்று கேட்டதே அந்த அம்மாவின் மரியாதை.

வனிதா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினாள். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள் என்று கன்னடத்தில் சொன்னாள். தான்தான் அக்கா என்றாள்.

“தமாஷெ மாடபேடி,” என்று அந்த அம்மா சிரித்தாள். விளையாடாதீர்கள் என்று.

வனிதா சிரிக்கவில்லை. என் கையையும் விடவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன். அந்த அம்மாமேல் தப்பு இல்லை. அவள் கண்ணால் பார்த்ததைக் கேட்டாள்.